கிரகணத்துக்கு வெட்டிய படம்

நெஞ்சைப் படம் எடுக்க யார் வந்தாலும் உம்மல் குல்சும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "பழைய பிலிம் இருக்குதுங்களா?" பெயர், வயது எல்லாம் அதற்குப் பிறகு. அவிநாசியில் உள்ள அந்தச் சிறிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் அவருக்கு அது பதினாறாவது வருஷம். ஒரு நெஞ்சு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று புதுப் படம் சொல்லும். எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது என்பதைப் பழைய படம்தான் சொல்லும். எடுத்த பிலிமை நோயாளியிடமே கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். கொடுக்கும்போதெல்லாம், "பத்திரமா வெச்சுக்குங்க, எங்கயாவது வீசிப்போடாதீங்க" என்று சொல்லித்தான் கொடுப்பார்.

தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள், புதன்கிழமை காலை, சக்கர நாற்காலியில் சுந்தரராஜுலுவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவருக்கு வயது அறுபத்தொன்று. பருத்தியில் விதை நீக்கும் ஜின்னிங் ஆலை ஒன்றை வைத்து நடத்தியவர். முழங்கால்மேல் கைகளை ஊன்றி முன்னால் குனிந்து, உதட்டைக் குவித்து, பால் ஆற்றுவதுபோல மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். கூட அவர் மனைவி பங்காரம்மா. குல்சும் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மூணு வருசத்துக்கு முந்தி இங்கயே எடுத்ததுதானுங்க. இருந்துச்சுங்க" என்றார் பங்காரம்மா.

"இருந்துச்சுன்னா? இப்ப எங்கீங்கம்மா?"

பங்காரம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினார். "கிரகணத்துக்கு வெட்டிப்போட்டேனுங்க, அம்மணி."

அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாளே சூரிய கிரகணம் வந்தது. வெறும் கண்ணால் பார்க்காதீர்கள் என்று டீவியில் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்ரே பிலிம் வைத்துப் பார்க்கலாம் என்று யாரோ ஊருக்குள் கிளப்பிவிட்டார்கள். பங்காரம்மாவின் வீதியில் எக்ஸ்ரே பிலிம் இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்து கேட்டார்கள். ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. கத்தரிக்கோலை எடுத்து, நெடுக்கே ஒரு வெட்டும் குறுக்கே மூன்று வெட்டும் போட்டு, எட்டுத் துண்டுகளாக்கி எட்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

"உங்களுக்கு வெச்சுக்கலீங்களா?"

"நான் பாக்கலீங்க. கிரகணம் விடற வரைக்கும் சாமி ரூம்புல உக்காந்து பேரைச் சொல்லிட்டிருந்தேன்."

குல்சும் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமும் இல்லை. சுந்தரராஜுலுவைப் பலகையோடு நெஞ்சு ஒட்ட நிற்கவைத்து, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒரு நொடி மூச்சை அடக்கச் சொல்லிப் படம் எடுத்தார். இருட்டறையில் கழுவி, நீர் சொட்டச் சொட்டவே விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

நுரையீரல் இரண்டும் நீண்டு இறங்கி, அடியில் வளைந்திருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. நடுவில் இதயம் ஒடுங்கி, சொட்டப்போகும் நீர்த்துளி மாதிரி தொங்கியது. வருஷக்கணக்காகப் புகை குடித்து, பஞ்சுத் தூசியையும் சேர்த்து விழுங்கிய நெஞ்சு எப்படி இருக்குமோ அப்படி. குல்சும் அதைப் பார்த்து அதிசயப்படவில்லை. வலப்பக்கத்து மேல்பாதியில்தான் அவர் கண் நின்றது. அங்கே நரம்பு நரம்பாக ஓட வேண்டிய வெள்ளைக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. முழுக் கறுப்பு. அந்தக் கறுப்பின் அடியில், டம்ளரில் தண்ணீர் நிற்பதுபோல, மட்டமாக ஒரு கோடு.

டாக்டர் மோகன்குமார் வந்து பார்த்தார். படித்து முடித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது; அவசரத்தில் குரலை உயர்த்தாத நல்ல குணம் அவருக்கு இருந்தது.

"அக்கா, காத்து வெளிய கசிஞ்சு, சீழும் சேர்ந்துருச்சுன்னு நெனைக்கறேன். திருப்பூர்ல இருந்து சர்ஜன் பதினொரு மணிக்கு வர்றார். குழாய் போட ரெடி பண்ணச் சொல்லிட்டேன்."

"ஏனுங்க டாக்டர், ஒண்ணு சொல்லட்டுங்களா?" குல்சும் பிலிமின் மேல் படாமல் விரலை நீட்டினார். "காத்து கசிஞ்சு நுரையீரல் சுருங்குனா, அந்த ஓரம் வெளிப்பக்கமா வளைஞ்சு வருமுங்க. இது உள்பக்கமா குழிஞ்சிருக்குது. பலூனை உள்ள வெச்சு அமுக்குன மாதிரி."

மோகன்குமார் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை. பங்காரம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

"அம்மா, பொறுமையாக் கேளுங்க. நுரையீரலை ஒரு பைன்னு வெச்சுக்குங்க. பைக்கு வெளிய காத்தும் சீழும் தேங்கியிருந்தா, விலாவுல குழாய் போட்டு எடுத்தே ஆகணும். அப்படியில்லாம, பைக்குள்ளயே புகையால பெரிய கொப்புளம் ஊதி, அதுக்குள்ள சளி எறங்கியிருந்தா குழாய் போடவே கூடாது. போட்டா கொப்புளத்துல ஓட்டை விழுந்து, அடைக்கவே முடியாமப் போயிரும். ரெண்டும் படத்துல ஒரே மாதிரி இருக்குது."

"எப்படிக் கண்டுபுடிக்கறதுங்க?"

"கோயமுத்தூர் போயி சி.டி. ஸ்கேன் எடுத்தாத் தெரியும். ஆனா காத்துக் கசிவா இருந்தா, குழாய் போடாம அவ்வளவு தூரம் வண்டியில கொண்டுபோறது ஆபத்து. இந்தக் கறுப்பு மூணு வருசத்துக்கு முந்தியே இருந்துதுன்னு தெரிஞ்சாப் போதும். கொப்புளம்தான், தைரியமாச் சொல்லிருவேன். அன்னைக்குப் பாத்த டாக்டர் சீட்டுல ஏதாவது எழுதுனாருங்களா?"

"பீடியை விடவும்னு மட்டும் எழுதுனாருங்க. அதோட விட்டுட்டாருங்க இவரு."

அந்த டாக்டர் ஓய்வு பெற்று வெளியூர் போய்விட்டார். குல்சுமின் பதிவேட்டில் தேதியும் பெயரும் 'நெஞ்சு' என்ற ஒரு சொல்லும்தான் இருந்தன. தினம் முப்பது நெஞ்சுகளைப் பார்க்கிறவருக்கு மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு நெஞ்சு நினைவில் நிற்குமா?

மணி ஒன்பதே கால்.

"உங்க வீதியில போன் யார் ஊட்டுல இருக்குதுங்கம்மா?" என்று கேட்டார் குல்சும்.

மளிகைக் கடை வேலுமணியிடம் இருந்தது. குல்சும் அங்கே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் வேலுமணி போனைக் கீழே வைக்காமலே வீதியைப் பார்த்துக் கத்தியது ஆஸ்பத்திரி வரை கேட்டது. "எக்ஸ்ரே துண்டு வெச்சிருக்கறவிங்கல்லாம் ஒட்டுக்கா எடுத்துட்டு வாங்கோ! ஜின்னிங்காரருக்கு வேணுமாமா! சீக்கிரம்!"

காத்திருந்த நேரத்தில் பங்காரம்மா ஜன்னல் ஓரம் நின்றார். அங்கிருந்து பார்த்தால் கோயில் கோபுரத்தின் உச்சி மட்டும் தெரியும்.

"முதலை முழுங்குன பிள்ளையவே வருசம் கழிச்சுத் திருப்பிக் குடுத்த சாமிங்க இது. நான் முழுங்குனதை மட்டும் குடுக்காமப் போயிருமாங்க?"

"குடுப்பாருங்கம்மா" என்றார் குல்சும். அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த பொருளை அல்லாஹ் காணாமல் போகவிடுவதில்லை என்பது அவர் கண்டு அறிந்தது.

அவர்கள் ஊர் ஆறு கிலோமீட்டர் தூரம்தான். பத்து மணிக்கு வேலுமணி வியர்வையோடு வந்து, ஒரு பிஸ்கட் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். ஏழு துண்டுகள்.

ஒன்றில் ஆணி ஓட்டை இருந்தது. உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக அடித்து வைத்திருந்தார்களாம். இன்னொன்றின்மேல் யாரோ பால் கணக்கு எழுதியிருந்தார்கள். மூன்றாவது சுருண்டு, வெளுத்து, ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது.

"இது என்னங்க ஆச்சு?"

"ஆடு மென்னுபோட்டுதுங்க. முழுங்கறதுக்குள்ள புடுங்கிட்டோம்."

அந்த நிலையிலும் மோகன்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பங்காரம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

குல்சும் துண்டுகளைத் துடைத்து, விளக்குப் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, செல்லோ டேப்பால் ஒட்டினார். மழுங்கிய கத்தரிக்கோல் கோணல் கோணலாக ஓடியிருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரு துண்டின் நெளிவு பக்கத்துத் துண்டின் நெளிவோடு தவிர வேறெதோடும் சேராது. இடப்பக்கம் முழுதும் வந்துவிட்டது. வலப்பக்கத்தின் கீழ் இரண்டும் வந்தன. வலது மேல்மூலை, ஆடு மென்றது. அதில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குக் கீழே வெறும் விளக்கு வெளிச்சம் அடித்தது. தேவைப்பட்ட இடம் அதுதான்.

"எட்டுல ஏழுதானே வந்திருக்குது. எட்டாவது யார் ஊட்டுலங்க?" என்று கேட்டார் மோகன்குமார்.

வேலுமணி கையை விரித்தார். "நம்ம வீதியில கேக்காத ஊடு இல்லீங்க. எல்லாரும் குடுத்துட்டாங்க."

பங்காரம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குல்சும் அவரையும் அந்த வெளிச்சமான ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, வெட்டுனப்ப எல்லாத் துண்டும் ஒரே மாதிரியா இருந்துச்சுங்க?"

"இல்லீங்க. சிலது வெள்ளை வெள்ளையா எலும்பு தெரிஞ்சுது. ஒண்ணு மட்டும் நல்லா மையாட்டக் கறுப்பா இருந்துச்சு. சூரியனுக்கு அதுதான் நல்லதுன்னு தனியா எடுத்து வெச்சேன்."

"நல்ல கறுப்பை யாருக்குக் குடுத்தீங்க?"

பங்காரம்மா திரும்பிப் பார்த்தார். அந்த அறைக்கும் அடுத்த வார்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான் இருந்தது. திரைக்கு அப்பால், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தார் சுந்தரராஜுலு. இங்கே பேசுவது ஒவ்வொன்றும் அவருக்குக் கேட்கும்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் நடந்த விஷயம் அது. இலைக்கு முன் உட்கார்ந்தும் சுந்தரராஜுலு பீடியை அணைக்கவில்லை. எதிர்வீட்டு விவசாயி பொங்கியண்ணன், எதையும் சிரிப்பாகவே பேசுகிறவர், பந்திக்கே கேட்கும்படி சொன்னார்: "மதுக்கரையில எதுக்குங்க சிமெண்ட் ஆலை? பொகைக் கூண்டுதான் நம்ம பந்தியிலயே உக்காந்திருக்குதே!" எல்லோரும் சிரித்தார்கள். சுந்தரராஜுலு பாயசம் விழுவதற்கு முன் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து எதிரெதிர் வீடுகளுக்கு இடையே பேச்சு இல்லை. ஒரு வருஷம் கழித்து, இருமல் தாங்காமல் படம் எடுத்துப் பீடியை விட்ட பிறகும் பேசவில்லை. அந்த ஆள் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்பதுதான் அவருக்குக் கூடுதல் கசப்பு.

வீதிக்கே அது தெரியும். அதனால்தான் அந்த ஒரு கதவை மட்டும் வேலுமணி தட்டவில்லை. வீதியில் இருந்தும் அது அவர் கணக்கில் வராத வீடு. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் இவர்களுக்காகப் போய் எதையும் கேட்பது மரியாதை இல்லை என்று எண்ணுகிற ஊர் அது.

பங்காரம்மா குரலைத் தணிக்கவில்லை. நன்றாகக் கேட்கும்படியே சொன்னார்.

"எதிரூட்டுச் சாமியாத்தாளுக்குக் குடுத்தேனுங்க. பொங்கியண்ணன் சம்சாரம். அதுக்குப் போன மாசந்தான் கண்ணுல ஆப்பரேசன் பண்ணியிருக்குது. கெட்டுப்போகக் கூடாதுன்னு நல்ல கறுப்பா இருந்ததை அதுக்குன்னு எடுத்து, பின்பக்கமாப் போயிக் குடுத்துட்டு வந்தேன். இவருகிட்டச் சொல்லலீங்க. சொல்லாதது தப்பு. குடுத்தது தப்பில்லீங்க."

திரைக்குப் பின்னால் மூச்சு இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு இருமல். அதன் பின் சுந்தரராஜுலுவின் குரல், இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சாக வந்தது.

"வேலுமணி... போன் போடு."

"என்னன்னு சொல்றதுங்க?"

"எம் பொஞ்சாதி... கேட்டான்னு வேண்டாம். நான்... கேட்டேன்னு சொல்லு."

வேலுமணி தன் கடைக்கே போன் போட்டார். அவர் மனைவி பொங்கியண்ணன் வீட்டுக்கு ஓடினாள். மணி பத்து இருபது.

பத்தே முக்காலுக்குத் திருப்பூர் சர்ஜன் வந்துவிட்டார். படத்தைப் பார்த்தார், நோயாளியைப் பார்த்தார், கையைக் கழுவ ஆரம்பித்தார். தட்டில் கத்தியும் குழாயும் பச்சைத் துணிக்கு அடியில் இருந்தன.

"சார், பத்து நிமிஷம் குடுங்க" என்றார் மோகன்குமார்.

"எதுக்கு?"

"ஒரு துண்டு பிலிம் வந்துட்டிருக்குது சார்."

முப்பது வருஷ அனுபவத்தில் அப்படி ஒரு காரணத்தை சர்ஜன் கேட்டிருக்கமாட்டார். ஆனாலும் குழாயை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, குல்சும் ஒட்டிய ஏழு துண்டுகளின் முன் வந்து நின்றார். நல்ல வைத்தியருக்குக் கத்தியை எடுப்பதைவிட எடுக்காமல் நிற்பதுதான் கஷ்டம் என்று அவர் பின்னால் சொன்னார்.

வெளியே டி.வி.எஸ். வண்டி ஒன்று படபடத்து நின்றது. துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒரு மனிதர், மார்போடு பஞ்சாங்கத்தை அணைத்துக்கொண்டு வேகமாக உள்ளே வந்தார்.

"ஏனுங்க, எக்ஸ்ரே அம்மணி யாருங்க? பொங்கியண்ணன்னு சொல்லுங்க. கொண்டாந்துட்டேன்."

பஞ்சாங்கத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து நீட்டினார். உள்ளே அந்தத் துண்டு, ஒரு கீறல்கூட இல்லாமல், குங்குமப் பொட்டு வைத்து இருந்தது.

"கிரகணத்தை இதுல பாக்கலீங்களா?" என்றார் குல்சும்.

"அவ எங்கீங்க பாத்தா! நாலு வருசங்கழிச்சு அந்த ஊட்டுல இருந்து வந்த பொருள்னு தொட்டுக் கும்பிட்டுப் பஞ்சாங்கத்துக்குள்ள வெச்சுட்டா. கிரகணத்தை டீவியில பாத்தா."

குல்சும் குங்குமத்தை ஈரப் பஞ்சால் துடைத்தார். "பிஸ்மில்லா" என்று உதட்டுக்குள் சொல்லி, துண்டை அந்த ஓட்டையில் வைத்தார். வெட்டுப்பட்ட ஓரங்களின் நெளிவுகள் பக்கத்து நெளிவுகளோடு சரியாக உட்கார்ந்தன.

மூன்று வருஷத்துக்கு முன்பும் அதே இடத்தில் அதே கறுப்பு. முடி இழைபோல ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, உள்பக்கமாகக் குழிந்து. புதுப் படத்தில் இருந்த ஒன்று மட்டும் இதில் இல்லை: அடியில் நின்ற மட்டமான தண்ணீர்க் கோடு.

சர்ஜன் இரண்டையும் அருகருகே வைத்து நீண்ட நேரம் பார்த்தார்.

"கொப்புளம்தான். அது பழசு. உள்ள எறங்கியிருக்கற தண்ணி மட்டும் புதுசு. பட்டாசுப் புகையில சளி புடிச்சு, அது கொப்புளத்துக்குள்ள போயிருக்குது. மருந்துலயே போயிரும். குழாயை எடுத்து வைங்க." பிறகு குல்சுமிடம் திரும்பினார். "ஓரம் குழிஞ்சிருக்குன்னு முதல்ல சொன்னது நீங்கதானாம்மா?"

"ஆமாங்க. ஆனா இந்தத் துண்டு இல்லாம நான் சொன்னது வெறும் பேச்சுங்க."

பங்காரம்மா கைகளைக் கூப்பினார். எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல், கோபுரத்தையும் குல்சுமையும் பொங்கியண்ணனையும் சேர்த்தே கும்பிட்டார்.

மருந்தை ஊசியில் ஏற்றி, பிற்பகலில் கோயமுத்தூருக்கு அனுப்ப ஏற்பாடு ஆயிற்று. காற்றுக் கசிவு இல்லை என்று தெரிந்துவிட்டதால் இனி வழியைப் பற்றிப் பயமில்லை. (அங்கே எடுத்த ஸ்கேனில் வலப்பக்கம் மூன்று கொப்புளங்கள் தெரிந்தன, பெரியதில் மட்டும் தண்ணீர். ஆறு வாரத்தில் அந்தக் கோடு படத்துக்குப் படம் இறங்கி, மறைந்தே போயிற்று. கொப்புளம் இருந்த இடத்திலேயே இருந்தது. இனி அதோடுதான் வாழ்க்கை. புகைப் பக்கமே போகக் கூடாது.)

வண்டிக்குக் காத்திருந்தபோது பொங்கியண்ணன் வார்டு வாசலில் நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

சுந்தரராஜுலுதான் ஆரம்பித்தார்.

"கவுண்டரே... அன்னைக்கு நீங்க சொன்னது... டாக்டரும் சொல்லிட்டாரு. சிமெண்ட் ஆலைதானாமா."

"ஏனுங்க நாயுடு, நான் ஒரு வாய்க்கொழுப்புக்குச் சொன்னது. நாலு வருசமா அதைய நெனச்சு நெனச்சு..."

"உக்காருங்க. எனக்கு... நின்னுட்டுப் பேசறவிங்களப் பாத்தா... மூச்சு வாங்குது."

பொங்கியண்ணன் கட்டிலின் கால்மாட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

"அன்னைக்குப் பாயசம்... சாப்பிடாம எந்திரிச்சுட்டேன்" என்றார் சுந்தரராஜுலு.

"ஊட்டுக்கு வாங்க. சாமியாத்தாகிட்டச் சொல்லி அண்டாவுல வைக்கச் சொல்றேன்."

"சக்கரை... கம்மியாப் போடச் சொல்லுங்க." அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் அடங்கும்வரை பொங்கியண்ணன் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

எக்ஸ்ரே அறையில் வேலுமணி பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு தயங்கி நின்றார். "டாக்டருங்க, நாலு வருசத்துல இன்னொரு கிரகணம் வருதாமா. அதுக்கு என்னத்தைய வெச்சுப் பாக்கறதுங்க?"

"எக்ஸ்ரே பிலிம் வெச்சுப் பாத்தா கண்ணு போயிரும். வீதியில எல்லாருக்கும் சொல்லுங்க. சாமியாத்தா அம்மா மாதிரி டீவியில பாருங்க" என்றார் மோகன்குமார்.

குல்சும் எட்டுத் துண்டுகளையும் முன்னும் பின்னும் டேப் போட்டு ஒரே படமாக்கினார். ஆடு மென்ற துண்டையும் விடவில்லை. அதன் இடத்தில் அதையும் ஒட்டினார். புதுப் படத்தோடு சேர்த்துப் பழுப்பு உறையில் போட்டு, மேலே பெயரும் தேதியும் எழுதி, பங்காரம்மாவின் கையில் கொடுத்தார்.

"பத்திரமா வெச்சுக்குங்கம்மா."

"வெச்சுக்கறேன், கண்ணு. ஆனா யாராச்சும் வந்து கேட்டா என்ற மனசு கேக்காதே. உறை மேல பெரிசா எழுதிப்போடு."

குல்சும் பேனாவை மறுபடியும் எடுத்து, உறையின் குறுக்கே எழுதினார்: வெட்டக் கூடாது.

பங்காரம்மா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, திரையை விலக்கி, வார்டில் இருந்த பொங்கியண்ணனிடம் உறையை நீட்டினார். "நாங்க கோயமுத்தூர் போயிட்டு வர்ற வரைக்கும் பழைய படத்தைச் சாமியாத்தாகிட்டக் குடுத்து வைங்கண்ணா. பஞ்சாங்கத்துக்குள்ளயே இருக்கட்டும்."

"அய்யோ, அங்க டாக்டரு கேப்பாருங்கம்மா!" என்று குல்சும் பதறி, உறையை வாங்கித் திரும்பவும் பங்காரம்மாவின் கையிலேயே வைத்தார்.